டெல்டாவின் கடைகளுக்குள் யாருக்கும் தெரியாமல் ஓடும் தரவுத்தள சர்வர்கள்

கும்பகோணத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். அரிசி ஆலை, உரக்கடை, நகை அடகுக் கடை, பாத்திரக் கடை, சிறிய மருத்துவமனை என்று எங்கே சென்றாலும் அங்கே ஒரு தரவுத்தள சர்வர், அதாவது தரவுகளை அடுக்கி வைத்துக் கேட்டதும் எடுத்துத் தரும் மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அப்படியொன்று தம்மிடம் இருப்பதே பெரும்பாலான உரிமையாளர்களுக்குத் தெரியாது. "டேட்டாபேஸெல்லாம் நம்மகிட்ட ஏது தம்பி, பில் போடுற சாஃப்ட்வேர் மட்டும்தான் இருக்கு" என்று நீடாமங்கலம் பக்கத்து ஆலை முதலாளி ஒருவர் சொன்னார். அவருடைய அலுவலகக் கணினியில் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள சர்வரான எஸ்கியூஎல் சர்வர் 2008 ஆர்2 எக்ஸ்பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான நீட்டித்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2019 ஜூலையோடு முடித்துக்கொண்டது. நெல் போட்ட விவசாயிகளின் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், வாங்கிய முன்பணம், தர வேண்டிய பாக்கி என அனைத்தும் அதற்குள்தான் இருந்தன.

தரவுத்தளப் பாதுகாப்பு என்றால் பலரும் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனைப் பற்றி, அதாவது தட்டச்சு செய்யும் உரைக்குள் எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியின் கட்டளையை ஒளித்து அனுப்புவதைப் பற்றி, மட்டும் பேசி நிறுத்திவிடுகிறார்கள். அது செயலியை எழுதியவர் விட்ட பிழை. நான் இங்கே எழுத விரும்புவது, செயலி எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் அதற்கு அடியில் இருக்கும் சர்வர் மென்பொருளிலேயே வெளிப்படும் ஓட்டைகளைப் பற்றி. இவற்றுக்கான திருத்தத்தை நம்மால் எழுத முடியாது. உருவாக்கியவர்கள் வெளியிடும் திருத்தத்தை நேரத்தில் நிறுவுவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. தன்னிடம் சர்வர் இருப்பதே தெரியாதவர் அதை எப்படி நிறுவுவார் என்பதுதான் நம் பகுதியில் நான் காணும் முதன்மையான சிக்கல்.

இது புதிய சிக்கலும் அன்று. 2003 ஜனவரி 25 அன்று உலகெங்கும் பரவிய ஸ்லாம்மர் என்ற புழு நிரல், எஸ்கியூஎல் சர்வர் 2000-இல் இருந்த ஒரு நினைவக வழிதலை, அதாவது ஒதுக்கிய இடத்தைத் தாண்டித் தரவு வழியும் பிழையை, பயன்படுத்திக்கொண்டது. ஒரே கணினியில் பல எஸ்கியூஎல் சர்வர் நிறுவல்கள் இருந்தால் எது எந்தப் போர்ட்டில் (வலையமைப்பிலிருந்து கணினிக்குள் வரும் எண்ணிட்ட வாசல்) இருக்கிறது என்று கேட்பவர்க்குச் சொல்வதற்காக, யூடிபி 1434 என்ற போர்ட்டில் ஒரு சிறு சேவை காத்திருக்கும். அதற்கு வரும் பொட்டலத்தின் (ஒரு தடவையில் அனுப்பப்படும் தரவுத் துண்டு) முதல் பைட் 4 ஆக இருந்தால், அதைத் தொடர்ந்து வரும் எழுத்துகளை நீளம் பார்க்காமல் ஓர் இடைநினைவகத்தில் அந்தச் சேவை நிரப்பியது. ஸ்லாம்மரின் மொத்த நிரலும் 376 பைட். ஒரே பொட்டலத்தில் அடங்கியது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதற்குத் தேவைப்படவில்லை. தொடக்கத்தில் ஏறக்குறைய 8.5 வினாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிப் பரவி, பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடங்களுக்குள் அது பிடித்துவிட்டது. அமெரிக்காவில் பணம் எடுக்கும் இயந்திரங்கள் வரை முடங்கின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே, அதாவது ஆறு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் ஏன் பலரிடம் போய்ச் சேரவில்லை என்பதற்கு ஒரு முக்கியமான காரணம், எம்எஸ்டிஇ என்ற பெயரில் எஸ்கியூஎல் சர்வரின் இலவசச் சிறு வடிவம் வேறு பல மென்பொருள்களுக்குள் சேர்த்து விநியோகிக்கப்பட்டிருந்தது. தங்கள் கணினியில் தரவுத்தள சர்வர் இருப்பது தெரியாதவர்களின் கணினிகளும் அன்று பாதிக்கப்பட்டன. அந்த எம்எஸ்டிஇயின் வாரிசுதான் இன்று நம் ஊர்க் கடைகளில் இருக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பு. இலவசம் என்பதால் பில்லிங் மென்பொருள் விற்பவர்கள் அதைத் தங்கள் நிறுவல் கோப்போடு சேர்த்துத் தருகிறார்கள். நிறுவும் வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதற்காக, எல்லா அதிகாரமும் கொண்ட "எஸ்ஏ" கணக்குக்கு எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரே கடவுச்சொல்லை வைத்துவிடும் வழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு கையில் கிடைத்தவர் தரவைப் பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. "எக்ஸ்பி_சிஎம்டிஷெல்" என்ற வசதியை இயக்கி, அந்தக் கணினியின் இயங்குதளத்துக்கே கட்டளை இட முடியும்.

கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லிக் காட்டுவது சிவிஇ-2012-2122 என்ற எண் கொண்ட ஓட்டையை. சிவிஇ என்பது வெளிப்படும் ஓட்டைகளுக்கு உலகளவில் தரப்படும் அடையாள எண். மைஎஸ்கியூஎல், அதிலிருந்து பிரிந்த மரியாடிபி என்ற இரு தரவுத்தள சர்வர்களிலும் இருந்த இதை, 2012 ஜூனில் மரியாடிபியின் செர்கேய் கோலுப்சிக் பொதுவெளியில் விளக்கினார். பயனர் அனுப்பும் கடவுச்சொல்லின் மறைவடிவத்தைச் சர்வரிடம் இருப்பதோடு ஒப்பிடும் இடத்தில், இரண்டும் ஒன்றாக இருந்தால் பூஜ்யத்தையும் வேறாக இருந்தால் வேறோர் எண்ணையும் தரும் செயற்கூறு (குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) பயன்பட்டது. அது தரும் விடை பெரிய முழு எண்ணாக இருக்கலாம். ஆனால் நிரலோ அதை 256 மதிப்புகளுக்கு மட்டுமே இடமுள்ள, ஒரே பைட் அளவுள்ள மாறியில் வாங்கிக்கொண்டது. விடை 256 என்று வந்தால், கடைசி பைட் மட்டும் எஞ்சி அது பூஜ்யமாகிவிடும். தவறான கடவுச்சொல் சரியானதாக ஏற்கப்பட்டுவிடும். 256 முறை முயன்றால் ஏறக்குறைய ஒருமுறை எந்தக் கடவுச்சொல்லுக்கும் அனுமதி கிடைக்கும் நிலை அது. பயனர் பெயர் தெரிந்தால் போதும். எல்லா அதிகாரமும் கொண்ட "ரூட்" என்ற பெயர் ஏறக்குறைய எல்லா நிறுவலிலும் உண்டு. முந்நூறு முறை முயல ஒரு வினாடிகூட ஆகாது. எல்லாக் கணினிகளிலும் இது நிகழவில்லை, ஒப்பிடும் செயற்கூறு எவ்வாறு தொகுக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தே நிகழ்ந்தது என்பதால், பல காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. வெண்ணாற்றங்கரையை எவ்வளவு அகலமாகப் போட்டிருந்தாலும் உள்ளே ஒரு நண்டு வளை இருந்தால் வெள்ளம் அந்த வழியைத்தான் கண்டுபிடிக்கும் என்பதை நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வரை நான் பெரிதும் மதிக்கிறேன்; புதிதாக அமைத்துத் தருபவை எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துகிறேன். அதிலும் 2013 ஏப்ரலில் சிவிஇ-2013-1899 வெளிவந்தது. இணைப்புக் கோரிக்கையில் தரவுத்தளத்தின் பெயரை ஒரு சிறு கோட்டுடன் தொடங்கி அனுப்பினால், சர்வர் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் தனக்கு இடப்பட்ட விருப்பக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. அதன் மூலம், உள்நுழையாத ஒருவர்கூடச் சர்வரின் கோப்புகளைச் சேதப்படுத்த முடிந்தது. அந்தத் திட்டக் குழுவினர் திருத்தம் வரும் நாளை முன்கூட்டியே அறிவித்து, அதுவரை நிரலில் செய்யும் மாற்றங்கள் பொதுவில் தெரியாதபடி நிறுத்திவைத்தார்கள். ஒரு திருத்தத்தை வெளியிடுவதிலேயே எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதற்கு அதை நல்ல எடுத்துக்காட்டாகக் கருதுகிறேன்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, 2025 பிப்ரவரி 13 அன்று திருத்தப்பட்ட சிவிஇ-2025-1094. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். "கோ" என்று எழுதினால் மெய்யுருவும் உயிர்க்குறியும் சேர்ந்து ஆறு பைட் ஆகிவிடுகின்றன. பயனர் தட்டச்சு செய்த உரையை எஸ்கியூஎல் கட்டளைக்குள் வைப்பதற்கு முன், அதில் உள்ள ஒற்றை மேற்கோள் குறிகளைத் தீங்கற்றவையாக மாற்றித் தருவதற்கு போஸ்ட்கிரெஸ் சில செயற்கூறுகளை வழங்குகிறது. பல பைட் எழுத்து ஒன்றின் தொடக்கம் என்று சொல்லும் பைட்டைக் கண்டால், அடுத்து வருவது அந்த எழுத்தின் மீதிதான் என்று நம்பி, சரிபார்க்காமல் அவை விட்டுவிட்டன. தாக்குபவர் அப்படியொரு தொடக்க பைட்டை வைத்து அதற்கு அடுத்து மேற்கோள் குறியை வைத்தால், அது எழுத்துப் பிழையுள்ள உரை என்றாலும், குறி மாற்றப்படாமல் கடந்துவிடும். பீஎஸ்கியூஎல் என்ற முனையக் கருவிக்கு அந்த உரை செல்லும்போது, அங்கே மேற்கோள் முடிந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டு, எஞ்சியது கட்டளையாக இயங்கும். அந்தக் கருவிக்கு இயங்குதளக் கட்டளைகளை ஓட்டும் திறனும் உண்டு. ராபிட்7 நிறுவனத்தின் ஸ்டீஃபன் ஃபியூவர் இதைக் கண்டறிந்தார். 17.3, 16.7, 15.11, 14.16, 13.19 ஆகிய பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டது. அந்தத் திருத்தத்திலேயே ஒரு சிறு கோளாறு இருந்ததால், ஒரு வாரத்தில் 17.4-உம் அதன் இணைப் பதிப்புகளும் வந்தன. உறுப்பினர் பெயர்களைத் தமிழில் பதிந்து, இரவில் ஒரு ஸ்கிரிப்ட் (தானே ஓடும் கட்டளைக் கோப்பு) மூலம் பீஎஸ்கியூஎல் வழியாக அறிக்கை எடுக்கும் அமைப்புகள் நம்மிடம் உள்ளன. அவற்றை வைத்திருப்பவர்கள் பதிப்பு எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஸ்கிரிப்ட்டில் உரையைக் கோத்துக் கட்டளை உருவாக்குவதை விட்டு, மதிப்புகளைத் தனியே அனுப்பும் முறைக்கு மாறுவது அதனினும் நல்லது.

ரெடிஸ் என்ற தரவுத்தள சர்வரில் 2025 அக்டோபரில் வெளிவந்த சிவிஇ-2025-49844, ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகளாக நிரலுக்குள் இருந்தது; கடுமை அளவுகோலில் பத்துக்குப் பத்து பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் மாங்கோடிபி என்ற மற்றொரு தரவுத்தள சர்வரில் வந்த சிவிஇ-2025-14847, சுருக்கிய செய்தியின் உண்மையான நீளத்தைத் தவறாகச் சொல்லி, சர்வரின் நினைவகத்தில் எஞ்சிக் கிடப்பதை உள்நுழையாமலேயே வாங்கிக்கொள்ள இடம் தந்தது. எந்த நிறுவனத்தின் சர்வரும் இதற்கு விலக்கன்று என்பதால், எது பாதுகாப்பான தரவுத்தளம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, திருத்தம் நிறுவப்பட்டதும் இணையத்துக்கு நேராகக் காட்டப்படாததும்தான் என்று பதில் சொல்கிறேன்.

இணையத்துக்கு நேராகக் காட்டப்படுவது நம் ஊர்களில் ஒரே காரணத்தால் நடக்கிறது. மன்னார்குடியில் ஆலை, தஞ்சாவூரில் வீடு. முதலாளிக்குக் கைபேசியில் கணக்குப் பார்க்க வேண்டும். மென்பொருள் விற்றவர் நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கச் சொல்லி, ரூட்டரில் எஸ்கியூஎல் சர்வரின் 1433 அல்லது மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட்டைச் சர்வருக்குத் திருப்பிவிட்டுச் செல்கிறார். அந்த நொடியிலிருந்து, உலகெங்கும் போர்ட்டுகளைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்களுக்கு அந்த ஆலை தென்படத் தொடங்குகிறது. 2017 ஜனவரியில், கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி சர்வர்களின் தரவை அழித்துவிட்டுப் பணம் கேட்டவர்கள், எந்த நுட்பமான ஓட்டையையும் பயன்படுத்தவில்லை. வலைச் சர்வரையும் தரவுத்தளத்தையும் ஒன்றாக நிறுவித் தரும் ஸாம்ப் தொகுப்பை அப்படியே நிறுவினால், அதில் வரும் மரியாடிபியின் "ரூட்" கணக்குக்கு இன்றும் கடவுச்சொல் கிடையாது. நான் பராமரிக்கும் இடங்களில் அந்தப் போர்ட் திருப்பலை எடுத்துவிட்டு, வெளியார் நுழைய முடியாத தனி இணைப்பான வயர்கார்டு விபிஎன் அமைத்துத் தருகிறேன். முதலாளியின் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தும் வேலை கூடுகிறது, அவ்வளவுதான்.

திருத்தம் நிறுவுவதில் நம் பகுதிக்கே உரிய இடர்ப்பாடு பருவத்தோடு சேர்ந்தது. போஸ்ட்கிரெஸின் சிறு பதிப்புகள் (17.3 போன்றவை) பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாம் வியாழக்கிழமையை ஒட்டி வருகின்றன. ஆரக்கிள் நிறுவனம் தன் திருத்தங்களை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வெளியிடுகிறது. மைஎஸ்கியூஎல்லும் அதில் அடங்கும். சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில், ஆலை வாசலில் நெல் வண்டிகள் நிற்கும்போது "அரை மணி நேரம் சர்வரை நிறுத்துகிறேன் ஐயா" என்று எந்த முதலாளியிடமும் சொல்ல முடியாது. குறுவை அறுவடை அக்டோபர் திருத்தத்தோடு மோதுகிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் மின்வெட்டும். ஆகவே "சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போடுவது இயல்பாகிவிடுகிறது. ஆனால் திருத்தம் வெளிவந்த நாளிலேயே, எந்த வரி மாறியது என்பதைப் பார்த்து ஓட்டையை அறிந்துகொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. தள்ளிப்போடும் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. போஸ்ட்கிரெஸின் ஒரே முதன்மைப் பதிப்புக்குள் சிறு பதிப்பை உயர்த்தப் பொதுவாகத் தரவை மாற்ற வேண்டியதில்லை. புதிய நிரலை வைத்துச் சர்வரை மறுபடி தொடங்கினால் போதும், சில நிமிட வேலை. அதை அறுவடைக் காலத்தில் இரவு பதினொரு மணிக்கு, பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகு செய்கிறேன். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஏற்பதில்லை.

யார் நுழைந்தார், என்ன நடந்தது என்று சர்வரே குறித்துவைக்கும் பதிவேடுகளையும் விட்டுவிடக்கூடாது. கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, ஊடுருவல் போன்ற நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. உள்நுழைவுப் பதிவே இயக்கப்படாத சர்வரில் என்ன நடந்தது என்று யாராலும் பிறகு சொல்ல முடியாது.

ஏப்ரலில் புதிய கணக்காண்டு தொடங்கும்போது மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. நான் ஆலோசனை சொல்லும் இடங்களில், கையெழுத்துப் போடுவதற்கு முன், உங்கள் மென்பொருளுக்குள் இருக்கும் தரவுத்தளத்தின் பெயர் என்ன, பதிப்பு எண் என்ன, அதற்கு ஆதரவு எந்த மாதத்தோடு முடிகிறது, திருத்தம் வந்தால் எத்தனை நாளுக்குள் யார் நிறுவுவார்கள் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல்கிறேன். எஸ்கியூஎல் சர்வர் 2014-க்கான ஆதரவு 2024 ஜூலையிலும், மைஎஸ்கியூஎல் 5.7-க்கானது 2023 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. பதிலில் இந்த எண்கள் வந்தால், புதிய பதிப்புக்கு மாற்றித் தரும் செலவு யாருடையது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.