இரட்டைப்படைத் தேதியில் இரண்டு சைக்கிள்

மொய் எழுதும்போதுதான் ஒற்றைப்படை பார்த்துப் பழக்கம். காட்டுக்குப் போகவும் பார்க்க வேண்டும் என்பது போன சனிக்கிழமைதான் தெரிந்தது. ஆகஸ்ட் 16. காரின் பின்னால் இரண்டு சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு, சியாட்டிலிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டி, மிடில் ஃபோர்க் ஸ்னோக்வால்மி ஆற்றங்கரையில் போய் இறங்கினால், ஜூன் முதல் அக்டோபர் வரை ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டுமே சைக்கிள் என்று போட்டிருக்கிறது. மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டிலேயே பார்த்திருக்கலாம்தான்.

சரி, நடப்போம் என்று ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் ஏறினோம். அக்கரையில் இடப்பக்கம் பிரிவதுதான் சைக்கிள் போகும் பாதை. நாங்கள் வலப்பக்கம், பிராட் நதியை நோக்கித் திரும்பினோம். அந்தப் பக்கம் எந்தத் தேதியிலும் சைக்கிள் கிடையாது. சட்டப்படி அது வில்டர்னஸ். (வனாந்தரம் என்று எழுதினால் கொஞ்சம் பைபிள் வாசனை அடிக்கிறது, அதனால் இப்படியே இருக்கட்டும்.) 1964இல் வந்த சட்டம் அது. சாலை கூடாது, மோட்டார் கூடாது. சைக்கிளும் எந்திரக் கணக்கில்தான் வருகிறது.

கொஞ்ச தூரத்தில் பாதையின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. தன்னார்வலர்கள் இருவர், அறுபது வயதைத் தாண்டியவர்கள், ஆளுக்கொரு பக்கம் நின்று ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தூளாக விழவில்லை, விரல் நீளத்துக்குச் சேமியா மாதிரி இழை இழையாக வந்து விழுந்தது. "செயின்சா இருந்தா ரெண்டு நிமிஷம்தானேப்பா?" என்றான் மகன். இருந்தால்தான். இங்கே அதற்கும் தடை. பெரியவர் ஒருவர் அவனைக் கூப்பிட்டு ஒரு கைப்பிடியைக் கொடுத்தார். "தள்ளாதே, இழுக்க மட்டும் செய்" என்றார். பத்து இழுப்பில் இவனுக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை.

இந்தப் பள்ளத்தாக்குக்குச் சட்டக் காவல் கிடைத்த கதை எனக்குப் பிடிக்கும். இதற்கு மேலே இருக்கும் ஆல்பைன் லேக்ஸ் பகுதிக்கு 1976இலேயே கிடைத்துவிட்டது. அப்போதைய வாஷிங்டன் மாநில ஆளுநர் டான் எவன்ஸ் ஒரு படப்புத்தகத்தைக் கொண்டுபோய் அதிபர் ஃபோர்டிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினார். ஆனால் உள்ளே வந்ததில் பெரும்பகுதி சிகரமும் பாறையும் ஏரியும். அங்கே யார் மரம் வெட்டப் போகிறார்கள்? தடிமரம் வளரும் தாழ்வான பள்ளத்தாக்குகள் பலவும் கோட்டுக்கு வெளியே நின்றன. பிராட் பள்ளத்தாக்கில் 1930களிலேயே ரயில் பாதை போட்டு வெட்டி எடுத்திருந்தார்கள்; மறுபடி வளர்ந்த காடுதான் இப்போது நாம் பார்ப்பது. மிடில் ஃபோர்க்குக்கோ அணை ஆபத்து. 1959 வெள்ளத்துக்குப் பிறகு ராணுவப் பொறியாளர்கள் திட்டம் போட, 1970களில் அதே எவன்ஸ் முடியாது என்றார்.

ஒரு ஆளுநர் முடியாது என்றால் அடுத்தவர் முடியும் என்பார். அதற்குத்தான் 1968இன் நதிச் சட்டம்: அந்தப் பட்டியலில் ஏறிய ஆற்றில் அணை கட்ட மத்திய அரசின் உரிமம் கிடைக்காது. இந்த இரண்டு ஆறுகளையும் பட்டியலில் ஏற்றி, காட்டையும் வில்டர்னஸில் சேர்க்கும் மசோதா 2007இல் வந்தது. பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் டேவ் ரைக்கர்ட், குடியரசுக் கட்சிக்காரர். செனட்டில் பேட்டி மர்ரி, ஜனநாயகக் கட்சி. அப்படியும் ஏழு வருஷம் இழுத்தது. கடைசியில் 2014 டிசம்பரில், கல்யாணக் கூட்டத்தோடு பந்தியில் உட்கார்ந்துவிடுகிற ஆள் மாதிரி, ராணுவச் செலவு மசோதாவுக்குள் நுழைந்து நிறைவேறியது. சுமார் 22,000 ஏக்கர் காடு, 60 கிலோமீட்டர் ஆறு.

சைக்கிள்காரர்களோடு பேரமும் நடந்திருக்கிறது. அவர்களுக்காகத்தான் அந்த இடப்பக்கப் பாதையை விட்டு வில்டர்னஸ் கோட்டை வளைத்து வரைந்தார்கள். அது வளையாமல் போயிருந்தால் ஒற்றைப்படைகூட எங்களுக்கு இல்லை. காலையில் எரிச்சலோடு படித்த பலகையைத் திரும்பி வரும்போது கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தேன்.

காரில் ஏறியதும் மகன் போனில் காலண்டரைத் திறந்தான். 31 ஞாயிறு, ஒற்றைப்படை. மறுநாள் செப்டம்பர் 1, அதுவும் ஒற்றைப்படை, லேபர் டே லீவு வேறு. சைக்கிள்களைக் காரிலிருந்து இறக்க வேண்டாம் என்கிறான்.