விரிஞ்சிபுரத்துக் கல் தப்பாகக் காட்டவில்லை

வேலூருக்குப் பக்கத்தில் இருக்கிற விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் மதிலைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள், 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்று சொலவடையே இருக்கிறதே. அப்புறம் சிம்ம தீர்த்தம். தெற்குப் பிரகாரத்தில் நிற்கிற மணிகாட்டும் கல்லுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம்தான். யாராவது ஒரு குச்சியை வைத்துப் பார்ப்பார்கள், நிழல் விழும், உடனே போனை எடுத்து மணி பார்த்துவிட்டு "கால் மணி நேரம் தப்பு" என்று நகர்ந்துவிடுவார்கள். எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

கல் எளிமையானது. அரைவட்டமாகச் செதுக்கி 6 முதல் 12 வரை ஒரு பக்கம், 1 முதல் 6 வரை இன்னொரு பக்கம் எண்கள் போட்டிருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் நேரம். இது ஆயிரம் வருஷப் பழசு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பழைய கணக்கு நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், நாளுக்கு 60 நாழிகை. இங்கே இருப்பது பன்னிரண்டு மணிக் கணக்கு. அதனால் அந்தக் கணக்கு நம் பக்கம் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்த எண்களை வெட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதனால் கல்லின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, அந்தக் கால் மணி நேரம் எங்கே போனது? நம் போன் காட்டுவது வேலூரின் நேரமே இல்லை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகிறது. வேலூர் இருப்பது ஏறக்குறைய 79.1 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்று வைத்தால், அங்கே உச்சிக்கு வந்த சூரியன் நமக்கு உச்சிக்கு வரச் சுமார் பதின்மூன்றரை நிமிஷம் ஆகும். கல் நம் தலைக்கு மேலே இருக்கிற சூரியனைப் பார்த்துச் சொல்கிறது, போன் மிர்சாபூர் கணக்கைச் சொல்கிறது, இதில் கல்லைத் தப்பு என்று சொல்ல என்ன நியாயம்?

இதுவும் வருஷம் முழுக்க ஒரே அளவாக இருக்காது. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் சூரியன் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். பிப்ரவரி நடுவில் வேலூரில் உச்சிப்பொழுது 12.28 வாக்கில், கிட்டத்தட்ட அரை மணி வித்தியாசம், குச்சி நிழலிலேயே அது பளிச்சென்று தெரியும். நவம்பர் முதல் வாரத்தில் அதே உச்சி 11.57க்கே வந்துவிடும். அக்டோபர் நடுவிலும் நவம்பர் கடைசி வாரத்திலும் கல்லும் போனும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும்.

ஊருக்கு ஊர் நேரம் மாறுவது ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்தது. பிற்பாடு ரயில்களுக்கு மதராஸ் வானாய்வகத்தின் நேரத்தைப் பொதுவாக வைத்தார்கள், வேலூர்ச் சூரியன் அதற்கும் நாலைந்து நிமிஷம் பிந்தி. 1906இல் இந்திய நேரம் வந்தது. அதற்கப்புறம் உள்ளூர் நேரத்தைக் கேட்பாரில்லை.

நேரம் என்று பேச வந்தால் வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைத் தினமும் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் நின்று அதிலிருக்கிற கல்வெட்டைப் படித்திருப்பார்கள்? 1914–19 பெரும் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று அதில் இருக்கிறது. நம் ஊர் ஆட்கள். காய்கறி, பழவண்டி, ஆட்டோ நெரிசலுக்கு நடுவில் அந்த எழுத்தைப் படிக்கிற அளவுக்காவது இடம் விட்டால் நல்லது. மேலே கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும்.

விரிஞ்சிபுரத்துக்கு எனக்கு இருக்கிற ஆசை சின்னதுதான். வருகிறவர்கள் குச்சி தேடி அலையாமல், அளவான ஒரு பித்தளைக் கம்பியை, கல்லைக் குடையாமல், எடுத்து வைக்கிற மாதிரி கோயிலிலேயே வைத்திருக்கலாம். பக்கத்தில், போன் மணியோடு ஒத்துப்போக மாதவாரியாக எத்தனை நிமிஷம் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று ஒரு பலகை. கல்லில் எண்ணெய், குங்குமம் பூசாமல் இருந்தாலே எண்கள் இன்னும் நெடுநாள் தெரியும்.

போக நினைப்பவர்கள் பெங்களூர் ரோட்டில் செதுவாலையில் இறங்கி வடக்கே போனால் பாலாற்றின் தென்கரையில் கோயில். கார்த்திகைக் கடை ஞாயிறுக்குப் போகிறீர்களா, கூட்டம் தாங்காது, ஆனால் வெயில் இருந்தால் அன்றைக்குக் கல் காட்டுவதோடு எட்டு நிமிஷம் கூட்டிப் பாருங்கள்.