சிக்காகோவில பிறக்காத சிக்காகோக்காரர்

சிக்காகோ எண்டா எங்கட வகுப்பில எல்லாருக்கும் ரெண்டே ரெண்டு பேரைத்தான் தெரியும், ஒண்டு விவேகானந்தர், மற்றது அல் கபோன் எண்ட சண்டியன். முதல் ஆளைச் சமயபாடச் சேர் சொல்லித் தந்தவர், ரெண்டாவது ஆள் பின் வாங்கில களவாக் கைமாறின கதைப்புத்தகத்தில வந்தவர். விவேகானந்தர் 1897 ஜனவரியில யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில பேசினவர், அதால சேர் அவரைப் பற்றிக் கதைக்கேக்க ஏதோ பக்கத்து ஒழுங்கை ஆள் மாதிரித்தான் கதைப்பார், சிக்காகோவும் அப்பிடியே நல்லூருக்கு அங்கால இருக்கிற ஊர் மாதிரி வந்திடும். இப்ப நான் கன வருசமா அந்த ஊரிலதான் இருக்கிறன். எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து, அண்ணை பள்ளிக்கூடக் குழப்படியளை எல்லாரும் எழுதுகினம், நீங்கள் உங்கட சிக்காகோவைப் பற்றி எழுதுங்கோ எண்டவர், அதான் இது.

சரி சேரின்ர ஆளிலயே துவங்குவம். 1893 செப்டம்பர் 11 சர்வமத மாநாட்டில அவர் பேசின கட்டடம் இப்ப ஆர்ட் இன்ஸ்டிடியூட் எண்ட கலைக்கூடம், மிச்சிகன் அவெனியூவில வாசலுக்கு ரெண்டு பக்கமும் வெண்கலச் சிங்கம் நிக்கும், முன்னால ஓடுற தெருத்துண்டுக்கு அவற்ற பேர்தான் வைச்சிருக்கினம். அவரை அனுப்பக் காசு சேர்த்தது மெட்ராஸ்காரர், அளசிங்கப் பெருமாள் வீடு வீடா ஏறி இறங்கினவர், இதை சேர் சொல்லித் தந்ததா ஞாபகம் இல்லை. 2010ல ஜிதிஷ் கல்லாட் எண்டொரு இந்தியக் கலைஞர் அந்தப் பேச்சை உள்ளுக்க இருக்கிற பெரிய படிக்கட்டு முழுக்க லைற் எழுத்தாப் போட்டவர். மதவெறி வேண்டாம் எண்டு பேசின அதே திகதியிலதான் 2001ல நியூயோர்க் கட்டடங்கள் விழுந்தது, அதால எழுத்துக்கு அமெரிக்க அரசாங்கம் பயங்கரவாத எச்சரிக்கைக்கு வைச்சிருந்த அந்த அஞ்சு நிறத்தையும் குடுத்திருந்தவர்.

விவேகானந்தர் வந்து பேசிப்போட்டுப் போன ஆள், அது தெரியும். ஆனா இந்த ஊர்க்காரர் தங்கட ஆள் எண்டு நெஞ்சில அடிச்சுச் சொல்லுறவையைப் பாத்தாலும் முக்கால்வாசிப் பேர் வந்தேறியள்தான். அல் கபோன் பிறந்தது நியூயோர்க் புரூக்ளின், பாஸ்கற்போல் மைக்கல் ஜோர்டன் பிறந்ததும் அதே புரூக்ளின். ரீவி ஓப்ரா மிசிசிப்பி, ஒபாமா ஹவாய். இஞ்சயே பிறந்தவர் வால்ட் டிஸ்னி, 1901ல, நாலு வயசில குடும்பம் மிசூரிக்குக் கிளம்பிட்டுது. மிஷெல் ஒபாமாதான் நகரின்ர தெற்குப் பக்கமான சவுத் சைட்டின்ர அசல் பிள்ளை, அவவை விட்டா எனக்குக் கெதியா வேற ஆள் வருகுதில்லை.

பெரிய கூட்டமா வந்தவை கறுப்பினத்தவர்தான். மிசிசிப்பி பருத்தித் தோட்டங்களில இருந்து இல்லினோய் சென்ட்ரல் ரயில் ஏறி வந்தவை. ரொபேர்ட் அபொட் எண்டவர் 1905ல துவங்கின சிக்காகோ டிபென்டர் பேப்பர் அதுக்கு ஒரு பெரிய காரணம், வடக்கில வேலை இருக்கு வாங்கோ எண்டு எழுதும், தெற்கில கன இடத்தில வெள்ளையள் அந்தப் பேப்பரை விக்க விடாயினம், ரயிலில வேலை செய்த புல்மன் போர்ட்டர்மார் ஒளிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தவை. வந்து இறங்கினாப் பிறகும் நினைச்ச இடத்தில வீடு எடுக்கேலாது, கறுப்பருக்கு விக்கக்கூடாது எண்டு உறுதியிலயே எழுதி வைச்சிருந்தவை, அதால சவுத் சைட்டில ஒரு துண்டுக்குள்ள நெருக்கி அடிச்சு இருந்ததுகள். ரொறன்ரோ ஸ்காபரோ பேஸ்மென்ற்ல ஏழெட்டுப் பேரா இருந்து எழும்பினவைக்கு நெரிசல் விளங்கும், ஆனா எங்களுக்கு அங்கால போகக் கதவு இருந்தது, அவையளுக்கு அதுவும் இல்லை.

அப்பிடி 1943ல வந்தவர் மடி வோட்டர்ஸ், பகலில பேப்பர் பக்டரி, பேந்து லொறி, இரவில பார்களில புளூஸ் எண்ட கறுப்பினத்தவற்ற பாட்டு. குடிச்சுக் கத்துற சனத்துக்கு நடுவில சாதாக் கிற்றார் கேக்காது, அதால கரண்ட் கிற்றாருக்கு மாறினவர், அவ்வளவுதான், ஏதோ பெரிய கலைத் தத்துவம் எண்டு ஒண்டும் இல்லை, சத்தத்துக்கு மேல சத்தம். அதை ரெக்கோர்ட் போட்டு வித்தது செஸ் சகோதரர், போலந்தில இருந்து சின்னனில வந்த யூதப் பெடியள். அவையின்ர ஸ்ரூடியோ 2120 சவுத் மிச்சிகன் அவெனியூ, இப்ப மியூசியம், வெளியால பாத்தா எங்கட ஊர்க் கடைத்தொகுதி மாதிரிச் சாதாரணமா இருக்கும். இங்கிலாந்தில கொஞ்ச வெள்ளைப் பெடியள் மடி வோட்டர்சின்ர பாட்டொண்டில இருந்து தங்கட குழுவுக்குப் பேர் எடுத்து ரோலிங் ஸ்ரோன்ஸ் எண்டு வைச்சு, 1964ல அந்த ஸ்ரூடியோவுக்கே வந்து பாட்டு ரெக்கோர்ட் செய்தவை. எங்கட அண்ணைமார் கொழும்பில இருந்து கொண்டுவந்து பெருமையாப் போட்டுக் காட்டின கசற் எல்லாம் இந்த வழியிலதான் வந்திருக்கு எண்டு இஞ்ச வந்துதான் எனக்குத் தெரியும்.

கோயில் பக்கம் தோமஸ் டோர்சி. ஜோர்ஜியாவில பிறந்து பாரில புளூஸ் பியானோ வாசிச்ச மனிசன், அதே இசையை சேர்ச்சுக்குள்ள கொண்டுபோனவர், கொஸ்பல் எண்டு இண்டைக்கு நாங்கள் கேக்கிறதுக்கு அவரைத்தான் தகப்பன் எண்டுவினம். துவக்கத்தில கன சேர்ச்சில கிட்டவும் எடுக்கேல்லை, பார்ப் பாட்டு எண்டு. 1932ல அவர் வெளியூரில நிக்கேக்க மனுசி பிரசவத்தில செத்துப்போச்சு, பிள்ளையும் தப்பேல்லை, அந்தத் துக்கத்தில எழுதின பாட்டைத்தான் பேந்து நியூ ஓர்லீன்சில இருந்து வந்த மகேலியா ஜக்சன் உலகம் முழுக்கப் பாடினவா. 1963 வாஷிங்டன் கூட்டத்தில மார்ட்டின் லூதர் கிங் பேசிக்கொண்டு நிக்க, அந்தக் கனவைச் சொல்லுங்கோ எண்டு பக்கத்தில இருந்து கூப்பிட்டவாவும் இவதான்.

ஆனா என்னட்டைக் கேட்டா, ஜோர்டனை விட பஸ்லூர் ரஹ்மான் கான்தான் இந்த ஊரின்ர ஆள். டாக்காவில 1929ல பிறந்த இஞ்சினியர். உயரக் கட்டடத்தை விழுத்தப் பாக்கிறது காத்து, அதைத் தாங்கிற பலத்தை உள்ளுக்க தூண் தூணா வைக்காமல் வெளிச்சுவருக்குக் கொண்டுவந்து கட்டடத்தையே ஒரு குழாய் ஆக்கிப்போட்டார், இரும்புச் செலவும் குறைஞ்சுது. சியர்ஸ் டவரில, இப்ப அதுக்கு வில்லிஸ் டவர் எண்டு பேர், ஒம்பது குழாயை விறகுக்கட்டு மாதிரிச் சேர்த்துக் கட்டி 110 மாடி, 442 மீற்றர், 1998 வரைக்கும் உலகத்தில அதுதான் உயரம். இண்டைக்கு உலகம் முழுக்க எழும்புற உயரக் கட்டடங்களுக்கு அவற்ற யோசினைதான் அடி. எனக்கு அவரில விருப்பம் கூடினது வேறொண்டால, 1971ல வங்காளதேசப் போர் நடக்கேக்க ஒபிஸ் வேலையோட வேலையா சிக்காகோவில அமைப்புத் துவங்கி ஊருக்குக் காசு சேர்த்தவர். எங்கட ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சிக்காகோ யூனிவர்சிற்றிப் பக்கம் எங்கட தமிழர், நட்சத்திர ஆராய்ச்சிக்காரர் சந்திரசேகர் இருந்தவர், 1937ல வந்து 1995ல சாகும் வரைக்கும் அங்கதான், 1983ல பௌதீகத்துக்கு நோபல். ஆரம்பத்தில அவற்ற தோல் நிறத்தைப் பாத்து ஒரு டீன் வகுப்பெடுக்க விடேலாது எண்டிருக்கிறார், பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ்தான் தாராளமாப் படிப்பிக்கட்டும் எண்டு முடிச்சுவைச்சவர். கவிஞர், மொழிபெயர்ப்பாளர் ஏ.கே. ராமானுஜன் கதை இன்னும் வடிவு. 1962ல புதுசா வந்த மனிசன் ஒரு சனிக்கிழமை ஹார்ப்பர் லைபிரரி நிலவறையில பழந்தமிழ் இலக்கணம் தேடப் போய், உ.வே.சா. 1937ல பதிப்பிச்ச குறுந்தொகை கையில ஆப்பிட்டிருக்கு. மைசூரில வளந்த தமிழர், சங்கப் பாட்டை மிச்சிகன் வாவிக் கரையில வைச்சுத்தான் முதல் ஒழுங்கா வாசிச்சிருக்கிறார். 1967ல அவர் ஆங்கிலத்தில மொழிபெயர்த்த புத்தகம் வந்துது, இண்டைக்கு செம்புலப் பெயனீரை வெள்ளைக்காரப் பிள்ளையள் வகுப்பில படிக்குதுகள். சோதினைக்குப் பாடமாக்கினதோட அதை மறந்த என்னை மாதிரி ஆக்களும் திருப்பி இங்கிலீசில வாசிச்சு ரசிக்கிறம், பகிடிதான்.

கடைசியா கவிஞர் குவென்டலின் புரூக்ஸ். அவவும் கன்சாஸில பிறந்து கைக்குழந்தையா வந்தவா. சவுத் சைட் குச்சு வீடுகளில இருந்த சனத்தைப் பற்றியே எழுதி 1950ல புலிட்சர் பரிசு, கறுப்பினத்தவருக்கு அதுதான் முதல் தரம், செய்தி வந்த நேரம் வீட்டில பில் கட்டாமல் கரண்ட் இல்லையாம். பேந்து 1968ல இல்லினோய் மாநிலக் கவிஞரானாப் பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வருசா வருசம் கவிதைப் போட்டி வைச்சு தன்ர சொந்தக் காசில பரிசு குடுத்தவா. மலர்க்குழு இதைக் கொஞ்சம் கவனிக்கவேணும். சங்கம் மைதானத்துக்கும் ஸ்கோர்போட்டுக்கும் காசு சேர்க்கிறது நல்லம்தான், அதோட பள்ளிக்கூடத்தில ஒரு கவிதைப் போட்டியும் துவங்கினா என்ன? முதல் வருசப் பரிசுக் காசு என்ர பொறுப்பு, பொருளாளர் தம்பி கணக்கு இலக்கத்தை அனுப்பிவிடும்.