கூலண்டும் கேற்றுக்கு வந்த மானும்

காலம விடியுமுதல் வாசல்ல ஆக்கள் கதைக்கிற சத்தம். ஆருக்கோ ஏதோ நடந்திட்டுது எண்டு தலையும் இழுக்காமல் ஓடி வந்து பாத்தா அப்பா, மாஸ்டர், பக்கத்து வீட்டு மாமா, பாண் ஓட்டோவைப் பாட்டோட நடு ஒழுங்கையில விட்டிட்டு வந்த தம்பி, எல்லாரும் எங்கட கார் பொனட்டுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கினம். கார் ஓடுறது நான். ஆனா ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல, அது வேற கதை.

விசயம் நேத்துப் பின்னேரம் துவங்கினது. கந்தளாயில தயிர் வாங்கிக்கொண்டு வரேக்குள்ளயே ஹீற் ஊசி வழமையை விட மேல. இந்தக் கச்சான் காத்துக்கு மனுசரே கொதிக்கினம், கார் கொதிக்காதோ எண்டு அப்பா. வீட்ட வந்த கையோட சாரத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனார். அம்மா போட்ட சத்தம் கோணேசருக்கே கேட்டிருக்கும். நல்லவேளை. சூட்டோட மூடியைத் திறந்தா உள்ளுக்க அழுத்தத்தில நிக்கிற தண்ணி சட்டெண்டு கொதிச்சு முகத்துக்கு அடிக்கும், மூடி போடுறதே அந்த அழுத்தத்தைப் பிடிச்சு தண்ணி 100 பாகையிலயும் கொதிக்காமல் வைக்கத்தான். ஆறின பிறகு, ரேடியேற்றரோட குழாயால சேந்திருக்கிற அந்த வெள்ளை டாங்கில ரெண்டு கோட்டுக்கும் நடுவில நிக்குதோ எண்டு வெளியால பாத்தாலே காணும், மூடியில கை வைக்கவே தேவையில்ல. இதை எத்தினை தரம் சொல்லியாச்சு.

"கிண்ணியாப் பாலம் 2009ல வரமுதல் பாதைப் படகில கார் ஏத்திக்கொண்டு மூதூருக்குப் போய் வந்தனாங்கள், கிணத்துத் தண்ணிதான் ஊத்தினனாங்கள், எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் எண்டு ஒண்டும் கண்டதில்ல." இதான் அப்பாட வாதம். எங்கட கிணத்துத் தண்ணியோ! கேத்தில் அடியில படிஞ்சு கிடக்கிற வெள்ளைப் படையை அம்மா கரண்டியால சுரண்டி எடுக்கிறவ, அதே படை ரேடியேற்றர் குழாயளுக்குள்ள படிஞ்சா சுரண்ட ஆர் போறது? கூலண்டைப் பாதிக்குப் பாதி பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணியில கலந்து விட்டா துருவும் பிடிக்காது, லேசில கொதிக்கவும் மாட்டுது. மாஸ்டரும் இதைத்தான் சொன்னார், அவர் சொன்னோண்ண மட்டும் அப்பா தலையாட்டினார்.

கடைசியில பாண் தம்பிதான் குனிஞ்சு பாத்திட்டு "ஐயா, கீழ ஒழுகுது" எண்டான். ரேடியேற்றர் ஓஸ் வெடிச்சு, சீமெந்தில பச்சையாக் குளம் கட்டி நிக்குது.

அந்த நேரம் பாத்து, திறந்து கிடந்த கேற்றால மான் வருது. எங்கட ஒழுங்கை மானுக்கும் அப்பாவுக்கும் எப்பவும் வழக்குத்தான். செவ்வரத்தையைத் திண்டது, கத்தரிக் கண்டைத் திண்டது, போன கிழமை சோதிடப் பக்கத்தோட பேப்பரையும் திண்டிட்டுது. திருகோணமலைக் கோட்டைக்குள்ள அவ்வளவு இடம் கிடக்க இதுகள் ஏன் டவுனுக்குள்ள அலையுதுகள் எண்டு அப்பா ஒவ்வொரு நாளும் பேசாத பேச்சில்ல.

"அப்பா, கூலண்ட் இனிக்கும், மிருகங்கள் நக்கிப் போடும், கிட்னி போயிடும்" எண்டு நான் சொல்லி வாய் மூடேல்ல, மனுசன் துவாயை வீசிக்கொண்டு பாய்ஞ்சார். "போ ராசாத்தி, போ, இது உனக்கில்ல!" ராசாத்தியாம். என்னை அப்பிடிக் கூப்பிட்டு எவ்வளவு காலம்.

பிறகு மணலைப் போட்டு ஊற விட்டு, அள்ளிப் பையில கட்டி, வாளி வாளியாத் தண்ணி ஊத்தித் தும்புத்தடியால உரஞ்சு உரஞ்செண்டு உரஞ்சினார். கிணறு இந்த மாதம் அடியில கிடக்குது, வீட்டுத் தண்ணி டாங்கில இருந்தது முழுக்க வாசலுக்குப் போயிட்டுது. அதுக்கிடையில மான் சுத்திப் போய் மிச்சக் கத்தரியையும் முடிச்சிட்டுது. அப்பா பாத்தார், ஒரு சொல்லும் சொல்லேல்ல.

நான் முகம் மட்டும் கழுவிக்கொண்டு பஸ்ஸில ஒஃபீசுக்கு வந்திருக்கிறன். இப்பதான் போன். கராஜ் பாஸ் வந்து ஓஸ் மாத்தி, எஞ்சினை ஓட விட்டுக் காத்தெடுத்து, புதுக் கூலண்டும் விட்டாச்சாம். வடிச்ச பழசு ஒரு போத்தல் கிடக்குதாம், பாஸ் கானுக்குள்ள ஊத்தப் போக அப்பா பறிச்சு வச்சிருக்கிறாராம், கானிலயும் மான் தண்ணி குடிக்குமாம். "பிள்ளை, உங்கட ஒஃபீசில வைக்க இடமிருக்கோ?" எண்டு கேக்கிறார்.

என்ட மேசைக்குக் கீழ ஏற்கனவே அவர் எறிய விடாத பழைய பற்றறி ஒண்டு கிடக்குது.