கேட்டது ஆறாயிரம், கிடைத்தது எட்டாயிரம்

என் மைத்துனர் நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 ஓட்டுவார். மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்தே பறக்கும் ஐஎஃப்ஆர் உரிமமும் உண்டு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனபோதுதான், வானத்தில் எந்த உயரத்தில் போவது என்பதே ஒரு பேரம் என்று தெரிந்தது.

முதல் நாள் இரவே காற்றின் கணக்கையெல்லாம் போட்டு, 6,000 அடி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏன் ஐயாயிரம் கூடாது என்று கேட்டுத் தொலைத்தேன். பெரிய வகுப்பே நடந்தது. திசைகாட்டியில் 0 முதல் 179 டிகிரி வரை போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரம், 180 முதல் 359 வரை இரட்டைப்படை. எதிரெதிரே வருகிறவர்களுக்கு நடுவே ஆயிரம் அடி இடைவெளி இருக்கும். நாங்கள் போவது மேற்கே, அதனால் ஆறாயிரம். சரி, புரிந்தது.

புறப்படும் முன், தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டாளரிடமிருந்து ரேடியோவில் பதில் வந்தது: "4,000-க்கு ஏறுங்கள். பத்து நிமிடத்தில் 8,000 எதிர்பாருங்கள்." ரேடியோ செத்துப்போனால் எந்த உயரத்துக்குப் போவோம் என்று கீழே இருப்பவருக்குத் தெரியவேண்டுமாம், அதற்குத்தான் அந்த 'எதிர்பாருங்கள்'.

"அப்போ ஆறாயிரம்?"

"அது நம்ம ஆசை, மாமா. கொடுக்கிறது அவங்க."

எட்டாயிரத்தில் நல்ல வெயில், அருமையான காட்சி, அசுரத்தனமான எதிர்காற்று. காற்றில் 110 நாட் வேகம் இருந்தும், தரைக்கணக்கில் 70 தான். மணிக்கு 130 கிலோமீட்டர். மேக இடைவெளியில் நெடுஞ்சாலை தெரிந்தது. ஒரு சிவப்புக் கார் எங்களோடு கொஞ்ச நேரம் வந்தது, அப்புறம் முந்திப் போய்விட்டது. மைத்துனர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கட்டுப்பாட்டாளர் மறுபடி கூப்பிட்டார். குறுக்கே யாரோ வருகிறார்களாம்: "10,000-க்கு ஏற முடியுமா?" அந்த உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். எங்கள் பாரத்துக்கு நிமிடத்தில் 200 அடி ஏறினாலே அதிகம். போதாததற்கு மேலே இன்னும் பலத்த காற்று. மைத்துனர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அனேபிள்" என்றார். பெரிய அதிகாரியிடம் மாட்டேன் என்று சொல்ல இவ்வளவு மரியாதையான வழி இருப்பது எனக்குப் புதுசு. கொஞ்ச நேரம் ஹெட்செட்டில் இரைச்சல் மட்டும்.

"சரி, 6,000-க்கு இறங்குங்கள்."

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அதை ரேடியோவில் திருப்பிச் சொன்னபோது குரலே மாறிவிட்டது. ஆறாயிரத்தில் எதிர்காற்று பாதியாகக் குறைந்தது, அவர் கணக்குப் போட்டபடியே. "பார்த்தீங்களா?" என்று என் பக்கம் திரும்பினார். நான் பதில் சொல்வதற்குள் ரேடியோ: "4,000-க்கு இறங்குங்கள்." போய்ச் சேரும் ஊர் வந்துவிட்டது.

வீட்டில் விசாரித்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது: "ஆறாயிரத்துலதான் வந்தோம்."