பாலாறும் தோலும்: உப்புக் கணக்கு

தோல் தொழில் நடக்கும் வேலூர்ப் பக்கம் பாலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். ‘ஊரே சாப்பிடறது தோலாலதான்’ என்பது ஒன்று. ‘மண்ணு மலடாப் போச்சு’ என்பது இன்னொன்று. இரண்டும் மெய்தான். எந்த வேலையில் காசு வருகிறது, எந்த வேலையில் ஆறு கெடுகிறது என்று மட்டும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஈரோட்டுச் சந்தையிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பச்சைத் தோல் வந்து சேர நாளாகும். அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உப்பைப் போட்டு அடுக்குகிறார்கள். டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முதல் வேலை ஊறல். மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி உப்பு, ரத்தம், சாணம் எல்லாவற்றையும் கழுவுவார்கள். அந்தக் கழிவில் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரை கரைந்த உப்பு இருக்கும். கடல்நீரிலேயே 35 கிராம்தான். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு மயிர் நீக்கி, சதை வழித்து, திரும்ப உப்பும் கந்தக அமிலமும் கலந்த குளியலில் போட்டு, கடைசியில் தோலைப் பதனிடும் குரோம், அதாவது குரோமியச் சேர்மம். டிரம்மைத் திறந்தால் நீலமாக வரும் ஈரத்தோல்தான் ‘வெட் புளூ’. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோம் ஒரு நாளில் முடிக்கிறது. உற்பத்தி பெருகியது, உப்பும் கூடவே பெருகியது.

வெட் புளூவுக்குப் பிறகுதான் பணம். சாயம், மெருகு, வெட்டு, தையல், ஷூ. ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்று பார்த்தால் இந்தத் தொழில் எத்தனை பெண்களுக்குச் சம்பளம் தருகிறது என்பது புரியும். ஆற்றுக்கு வந்த கேட்டில் பெரும்பங்கு அதற்கு முன்னால் உள்ள ஊறல் தொட்டியிலும் டிரம்மிலும் முடிந்துவிடுகிறது.

எல்லோரும் பயப்படுவது குரோமியத்துக்கு. நியாயம்தான். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேடு 2 லட்சம் டன்னுக்கு மேல். அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், நிலத்தடி நீரில் சுலபமாக நகரும் கொடிய வகை. டேனரி டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதைத் திரும்ப எடுக்கவும் வழி இருக்கிறது. டிரம்மிலிருந்து வடிந்த நீரைத் தனியாகப் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டு பி.எச். 8 வாக்கில் கொண்டுவந்து, ஒரு இரவு தெளிய விட்டால் குரோமியம் சேறாக அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டுச் சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பதனிடலாம். புதுக் குரோம் 70 பங்கு, மீட்டது 30 பங்கு என்று கலந்தால் தோலின் தரம் குறையாது. குரோம் விலை உயர்ந்த சரக்கு, மீட்டால் லாபம். அதனால்தான் மீட்கிறார்கள்.

உப்பின் விலை என்ன? மீட்டெடுக்கும் செலவு அதைப்போலப் பல மடங்கு. உயிரியல் தொட்டிகள் அழுகும் பொருளைத் தின்னும், உப்பைத் தொடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் அதற்குத்தான் உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வு, அதிலிருந்து ஒதுங்கும் அடர்நீரைக் காய்ச்ச ஆவியாக்கி. முன்கட்டத்தில் கொழுப்பும் சேறும் சரியாகப் பிரியாவிட்டால் சவ்வு அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து படிந்தால் ஆவியாக்கியின் குழாய்களில் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். விறகும் மின்சாரமும் தனிச் செலவு. கடைசியில் கிடைப்பது குளோரைடும் சல்ஃபேட்டும் அழுக்கும் கலந்த பழுப்பு உப்பு. வாங்க ஆளில்லை, கொட்டகையில் மூட்டையாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். வெயிலில் காய வைக்கும் பாத்திகளோ ஐப்பசி, கார்த்திகையில் காய்வதே இல்லை. காயாத கழிவு எங்கே போகிறது? ஆற்றில் வெள்ளம் வரும்போது ஆம்பூரை அடுத்த மாராப்பட்டுப் பக்கம் வெள்ளை நுரை மிதப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சேமித்து வைப்பதும் ஆபத்துதான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள்.

பாலாறு வருடத்தில் பெரும்பாலும் மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. மணலில் ஊறும் நீரைத் திருப்ப ஊற்றுக்கால் என்ற வாய்க்கால் வெட்டித்தான் நம் முன்னோர் பாசனம் செய்தார்கள். மேலே தண்ணீர் ஓடினால் உப்பை அடித்துக்கொண்டு கடலுக்குப் போகும். மணலுக்கடியில் மெல்ல நகரும் நீரில் உப்பு கிணற்றுக்குக் கிணறு தங்கித் தங்கி வரும். நீரைப் பிடித்து வைத்திருந்த மணலையும் அள்ளிவிட்டால் உப்பை நீர்க்கச் செய்யவும் ஆளில்லை. மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்து வேலூரில் குடிப்பதற்கு ஆகும் செலவைத் தோலின் லாபக் கணக்கில் யாரும் கழிப்பதில்லை.

விவசாயி கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி, இருப்பது நல்லது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்கலாம். 2,000 என்பது வேறு வழியே இல்லாதபோது குடிநீருக்கு ஏற்கும் உச்சம். அந்த அளவை எட்டும் முன்பே நெல் விளைச்சல் விழத் தொடங்கும். தென்னை கொஞ்சம் தாங்கும், காய் சிறுக்கும். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று அளந்து தேதியோடு எழுதி வைக்க வேண்டும். வரப்பில் வெள்ளை பூத்தால் எல்லாரும் ஜிப்சம் போடச் சொல்வார்கள். ஜிப்சம் சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்கும், அவ்வளவுதான். அதைக் கழுவி இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். கிணற்றில் இருப்பதே உப்புத் தண்ணீர் என்றால் ஜிப்சம் மூட்டைக்குக் கொடுத்த காசு வீண்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று, இந்த டேனரிக் கழிவுகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் அழுத்திச் சொன்னது. நாட்டின் தோல் ஏற்றுமதித் திறனில் ஏறக்குறைய 80 சதவீதம் தமிழ்நாட்டினுடையது என்பதையும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. அதன்பின் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் 186 கிராமங்களில் 15,164 ஹெக்டேர், 29,193 பேர் பாதிக்கப்பட்டதாகக் கண்டு 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: ஏக்கருக்கு சுமார் 7,150 ரூபாய். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு தொழிலின் லாபத்தையும் ஆற்றின் நஷ்டத்தையும் தராசில் போட்டால் லாபம்தான் கனக்கும், நஷ்டத்தின் விலையை அப்படி அடித்துக் குறைத்திருக்கிறோம்.

உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜனவரி 30 தீர்ப்பு, பாக்கி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது; கண்காணிக்க ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. குழு முதலில் கேட்க வேண்டியது ஊறலுக்கு முந்தைய உப்பைத்தான். தோலை மரச்சட்டத்தில் அடித்து உதறினாலே உப்பில் ஒரு பகுதி உலர்வாகக் கையில் வந்துவிடும். கூலி மட்டும்தான் செலவு. ஒவ்வொரு டேனரியும் எத்தனை டன் தோல் வாங்கியது, எத்தனை கிலோ உப்பு உதறியது, அது எந்த லாரியில் எங்கே போனது என்று மூன்று பத்தி போட்ட பதிவேடு போதும்.