கலங்கலுக்குக் கீழே யார் பொறுப்பு?

செங்கல்பட்டுப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பொறியாளராக வேலை பார்த்த காலத்தில், அக்டோபர் பிறந்தாலே ஒரே மாதிரியான மனுக்கள் வரும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துவிட்டது, ஏரி நிரம்பி வழியும் கலங்கலுக்குக் கீழே கருவேலம் அடைத்துக் கிடக்கிறது, சிறுபாலத்துக்கு அடியில் தண்ணீர் போகவில்லை. எழுதிய தலைவர்களுக்குத் தங்கள் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது நன்றாகத் தெரியும். அந்தப் பாதையில் எந்த இடத்துக்கு எந்த அலுவலகம் பதில் சொல்ல வேண்டும் என்பதில்தான் எல்லாரும் தடுமாறினோம்.

ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவான ஏரி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறைக்கு. ஆனால் இரண்டும் ஒரே சங்கிலியில்தான் இருக்கும். சின்ன ஏரி நிரம்பினால் உபரிநீர் பெரிய ஏரிக்குப் போகும். நடுவில் இருக்கும் கால்வாய் வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்கு. குறுக்கே போகும் பெரிய சாலையும் அதன் பாலமும் நெடுஞ்சாலைத் துறைக்கு. அரசமைப்பின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்களில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் இருக்கின்றன. இருந்தும், ஒரு ஊராட்சி தன் எல்லை தாண்டி நூறு அடி தூர்வார வேண்டுமானால் அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. இன்று முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டத்தில், வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், பக்கத்திலேயே தாம்பரம் மாநகராட்சி. ஒருவர் தன் பக்கக் கரையை மட்டும் உயர்த்தினால் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறும். அப்புறம் நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. மழைக்கு முன்னால் ஏரியில் இடம் வேண்டும், கோடையில் அதே ஏரியில் தண்ணீர் வேண்டும். பருவநிலை மாற்றம் எங்கள் வேலைக்குள் வந்தது இப்படித்தான்.

2021 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு ஒரு ஏரிச் சங்கிலியில் இருந்த ஊராட்சித் தலைவர்களை ஒன்றாகச் சேர்த்து, மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரி வரை நடக்க வைத்தோம். மேல் ஊர்த் தலைவி பாதி வழியிலேயே நின்று கேட்டார்: "சார், மழைக்கு முன்னாடி மதகைத் திறந்து விடுன்னு சொல்றீங்க. மே மாசம் எங்க போர்ல தண்ணி இல்லன்னா கீழ் ஊர்க்காரங்க கொண்டாந்து குடுப்பாங்களா?" கீழ் ஊரில் புது மனைப்பிரிவுகள் வந்திருந்தன, அங்கே இருப்பவர்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது. மேல் ஊரில் விவசாயம் இன்னும் இருந்தது. இரண்டு பேர் பயமும் நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போடும் எந்தத் திட்டமும் நிற்காது என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. இப்போதும் அதே எண்ணம்தான்.

நீர்க்கட்டியாக, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிட்டு விடுபவராக, இருந்த பெரியவர்தான் வழி சொன்னார். மதகுச் சுவரில் ஒரு கோடு போடுங்கள், மழைக்கு முன்னால் அந்தக் கோடு வரைக்கும் மட்டும் இறக்குவோம் என்றார். கீழ் ஊராட்சி தன் பங்காக, உபரிநீர் போகும் போக்குக்காலை ஆக்கிரமிப்பு இல்லாமல் வைத்திருக்கவும், கோடையில் வண்டல் எடுக்கும்போது மேல் ஏரி வேலைக்கு டிராக்டர்கள் அனுப்பவும் ஒப்புக்கொண்டது. எல்லாருடைய கிராம சபையிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டார்கள். நடந்து பார்க்காமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் இந்த ஒப்பந்தம் வந்திருக்காது.

இதைக் காப்பாற்ற ஊரில் ஆள் வேண்டும். 2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் எங்கள் பக்கம் 2021 அக்டோபரில்தான் நடந்தது. வறட்சியும் நிவர் புயலும் அந்த இடைவெளியில் வந்துபோயின. எங்களுக்கு முன்பே தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது, தலைவர்களுக்குப் பதிலாக மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். அலுவலர்கள் உழைப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆனால் ஒரு ஒன்றியத்தின் ஊராட்சிகள் எல்லாம் ஒருவர் கையில் இருந்தால், மேல் ஊருக்காகப் பேசவும் கீழ் ஊருக்காகப் பேசவும் தனித்தனியே ஆள் இல்லை.

மாவட்ட அளவில் இப்போது பருவநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. ஆட்சியர் தலைமையில், மாவட்ட வன அலுவலரைப் பருவநிலை அலுவலராக வைத்து இயங்குகிறது. நல்லதுதான். என் கருத்தில், அதற்குக் கீழே ஒவ்வொரு ஏரிச் சங்கிலிக்கும் ஒரு கூட்டுக் குழுவும், ஊராட்சி எல்லை பார்க்காமல் செலவழிக்கக் கொஞ்சம் நிதியும் வேண்டும். அந்தக் கூட்டுத் தீர்மானத்தை மார்ச் 22 கிராம சபையிலேயே வைத்துவிட வேண்டும். அப்போது வைத்தால் மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, ஆகஸ்டுக்குள் கால்வாய் வேலையை முடிக்கலாம். அக்டோபர் 2 கிராம சபையில் வைத்தால் மனு மட்டும்தான் எழுத முடியும்.